அன்புச்செல்வி வாங்கிய இரண்டு பட்டங்கள்

மகளிர் காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்ததுமே அழத் தொடங்கிவிடுவார்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் முதலில் கை ஓங்கியது என்று எதுவும் வரிசையாக வராது. அந்த அழுகைக்குள்ளிருந்து ஒரு மனுவை எடுத்து எழுதுவது தனி வித்தை. கோயம்புத்தூரில் அப்போது புதிதாகத் திறந்திருந்த நிலையம் ஒன்றில் அந்த வித்தை தெரிந்தவள் இரண்டாம் நிலைக் காவலர் அன்புச்செல்வி. அவள் எழுதியதை வாசித்துக் காட்டினால் வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, இதேதானுங்க, இப்படித்தானுங்க நடந்துச்சு" என்பாள். இன்ஸ்பெக்டரம்மா அதில் ஒரு வரியைக்கூட அடித்ததில்லை.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர் அவளுடையது. அப்பா வேலுமணி பாதி வயதுவரை பண்ணைக்காட்டில் கூலி வேலை பார்த்துவிட்டு, முட்டி வலி வந்த பிறகு விசைத்தறிக் கூடத்துக்கு மாறியவர். காலனியில் பிளஸ் டூ முடித்த முதல் பெண் அன்புச்செல்விதான். எண்பத்தெட்டில் காவல்துறைக்கு ஆள் எடுத்தபோது உயரமும் ஓட்டமும் கைகொடுக்க, இருபத்தொரு வயதில் காக்கி உடுத்திக்கொண்டாள்.

புவனாவைச் சந்தித்தது பயிற்சிப் பள்ளியில். அன்னூர்ப் பக்கம் தோட்டமும் கிணறுமாக இருந்த குடும்பத்துப் பெண் அவள். முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் அன்புச்செல்வி வழக்கம்போலக் கடைசி மேசையின் ஓரத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து கால் தானாகவே அங்கேதான் போகும். புவனா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "உனக்கு அப்பளம் வேண்டாமா புள்ள?" என்று கேட்டுக்கொண்டே அன்புச்செல்வியின் தட்டிலிருந்ததை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். புவனாவுக்கு அது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. காலனிக்கு வெளியே அன்புச்செல்வியின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அந்த நிமிடத்திலிருந்து புவனா சொன்னால் சொன்னதுதான். ஐந்து வருடம் கழித்து இருவருக்கும் ஒரே நிலையத்தில் வேலை அமைந்தபோது, அதைத் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள்.

தொண்ணூற்று மூன்றில் இருவருக்கும் ஒரே ஆசை வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுத வேண்டும். பணியில் இருப்பவர்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் பட்டம் வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் டூட்டி முடிந்து காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்து, சேகரித்த விண்ணப்பப் புத்தகங்களை மேசையில் பரப்பினார்கள். பல்கலைக்கழக அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு ஒன்று. அதே அஞ்சல்வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் இன்னொன்று. மூன்றாவது பளபளப்பான தாளில் அச்சடித்த மடிப்பு நோட்டீஸ். நொய்யல் உயர்கல்வி மையம், காந்திபுரம், குற்றவியலும் காவல் நிர்வாகமும், மூன்றாண்டுப் பட்டம், ஞாயிறு மட்டும் வகுப்பு.

அன்புச்செல்வியின் விரல் இரண்டாவதன் மேலேயே இருந்தது. ஐந்து வருடமாக அரசியல் கூட்டங்களுக்குப் பந்தோபஸ்து நின்று நின்று அவளுக்குள் சில கேள்விகள் சேர்ந்திருந்தன. மேடையில் ஒருவர் அரசியல் சட்டம் என்கிறார், இன்னொருவர் உரிமை என்கிறார். அதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதினார்கள், எழுதும்போது என்ன சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"எனக்கென்னமோ இதப் படிக்கோணும்னு இருக்குது புள்ள."

"அதப் படிச்சு எம்.எல்.ஏ. ஆகப் போறியா?" புவனா சிரித்தாள். "வரலாறுன்னா எந்த ராசா எந்த ராசாவ எப்ப வெட்டுனான்னு மனப்பாடம் பண்ணோணும், நமக்கு ஆகாது. இதப் பாரு. குற்றவியல். நாம தெனமும் பாக்கற வேல. இண்டர்வியூல ஒக்காந்தா, நான் குற்றவியல் பட்டதாரிங்கன்னு சொல்றதுக்கே ஒரு கெத்து இருக்குதல்ல? ரெண்டு பேரும் சேந்தே சேந்துக்கலாம்."

அன்புச்செல்வி இரண்டாவது புத்தகத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

மையம் ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடியில் இருந்தது. டைரக்டர் கிருபாசங்கர் டை கட்டிய மனிதர், வாய் நிறைய ஆங்கிலம். பட்டம் தருவது வடநாட்டில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் என்றார், சுவரில் அதன் முத்திரையைப் பெரிதாக மாட்டியிருந்தார். முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். சிறைக் காவலர்கள், ஊர்க்காவல் படைக்காரர்கள், காவலர்கள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது பொய்யில்லை. ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் வந்து தண்டனைச் சட்டம் நடத்தினார். ஏமாற்றுதல் ஒரு குற்றம், நம்பிக்கை மோசடி இன்னொரு குற்றம், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று அவர் கேட்டபோது சரியாகச் சொன்ன ஒரே ஆள் அன்புச்செல்வி.

புவனா ஐந்து ஞாயிறு வந்தாள். பிறகு டூட்டி மாற்றிவிட்டார்கள் என்றாள். பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். "நீ நோட்ஸ் குடு புள்ள, நான் ஊட்ல படிச்சுப் பரீட்சைக்கு மட்டும் வந்துக்கறேன். கிருபாசங்கர் சார்கிட்டப் பேசிப்போட்டேன்" என்றாள். அன்புச்செல்விக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பரீட்சை வேறு வேறு நாட்களில் இரண்டு பிரிவாக நடக்கும், புவனா மற்ற பிரிவு என்று நினைத்துக்கொண்டாள். புவனா அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அடுத்த வருடத்திலிருந்து புவனா வேறு மாதிரியான உதவிகள் கேட்கத் தொடங்கினாள். விடுதலைப் போராட்டம், வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டங்கள், அரசியல் நிர்ணய சபை. "எஸ்.ஐ. பரீட்சைல பொது அறிவு வருமல்ல, உனக்குத்தான் மண்டைல நிக்கும், சுருக்கமா எழுதிக் குடு." அன்புச்செல்வி மாவட்ட நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்தாள். கணபதியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில், மகள் லோகப்பிரியாவை மடியில் போட்டுக்கொண்டு எழுதினாள். கணவன் பாலுசாமி லேத் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் அவனே சோற்றைப் போட்டுக்கொள்வான். "உன்ற பரீட்சைக்கா, அவிய பரீட்சைக்கா அம்மிணி?" என்று ஒருநாள் கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றாள். மூன்று நாற்பது பக்க நோட்டுகள் நிரம்பின. புவனா அவற்றைத் திருப்பித் தரவில்லை. இவளும் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறில் பட்டம் வந்தது. அதே மாதம் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு அறிவிப்பும் வந்தது. அன்புச்செல்வி விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ் நகலை இணைத்து, இலாகா வழியாக அனுப்பினாள். பத்தாவது நாள் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கிளார்க் நரசிம்மலு, தலை நரைத்த பொறுமையான மனிதர்.

"உக்காருங்கம்மா. இந்த யுனிவர்சிட்டி எங்கீங்க இருக்குது?"

"வடக்கேங்க சார். சென்ட்டர் இங்க காந்திபுரத்துலதானுங்க."

அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "நான் மூணு தடவ பாத்துப்போட்டேனுங்கம்மா. இதுல இல்லீங்க. அங்கீகாரம் இல்லாத பட்டத்த வெச்சு நான் அனுப்ப முடியாதுங்களே."

அன்புச்செல்வி பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை தானே ஒருமுறை படித்தாள். எழுத்துகள் கலங்கவில்லை. தெளிவாகவே தெரிந்தன, அந்தப் பெயர்தான் இல்லை. முதலில் அவளுக்கு வந்த நினைப்பு, ஐயோ புவனாவுக்கும் இப்படி ஆகியிருக்குமே என்பதுதான்.

"எங்க ஸ்டேசன் புவனாவும் இதேதானுங்க சார் படிச்சா. அவளுக்கும் கெடைக்காதுங்களா?"

நரசிம்மலு கட்டைப் புரட்டினார். "புவனாம்மாவா? அவங்க பி.ஏ. ஹிஸ்டரியில்லீங்களா குடுத்திருக்காங்க. அஞ்சல்வழி. தொண்ணூத்தி மூணுல சேந்திருக்காங்க. அது செரியா இருக்குதுங்க."

அப்போதும் அவள் மனம் வேறு காரணங்களைத்தான் தேடியது. இரண்டும் படித்திருப்பாளோ. யாராவது கட்டாயப்படுத்தியிருப்பார்களோ. சீருடையிலேயே பஸ் ஏறி காந்திபுரத்துக்குப் போனாள். கிருபாசங்கர் இல்லை. அலுவலக வேலை பார்த்த சாயிரா பானு, காக்கியைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் சேர்க்கைக் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். பதினேழாவது ஆள் புவனா. விண்ணப்பத்தோடு ஒரு வெள்ளைத் தாள் குத்தியிருந்தது. புவனாவின் கையெழுத்து, வரிசை கோணாமல் வலது பக்கம் சாய்ந்தபடி.

"தங்கள் மையம் வழங்கும் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று கல்லூரியில் பணிபுரியும் என் மாமா மூலம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே என் சேர்க்கையை ரத்துசெய்து சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, பதினான்கு செப்டம்பர் தொண்ணூற்று மூன்று.

அந்தச் செப்டம்பர் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பத்தொன்பதாம் தேதி லோகப்பிரியாவுக்குக் காது குத்தினார்கள். புவனா பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள், அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் வீட்டு வாசலில் மேலும் கீழும் நடந்தாள். கிளம்பும்போது அன்புச்செல்வியின் கையைப் பிடித்து, "என்னால வர முடியாட்டியும் நீ கிளாச விட்றாத புள்ள. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் படிக்கோணும்" என்றாள். கடிதம் எழுதி ஐந்தாவது நாள்.

சாயிரா பானு, "தண்ணி வேணுங்களா மேடம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கடிதத்தைக் கீழ்க் கடையில் நகல் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ரோல்கால் முடிந்ததும், நிலையத்தின் பின்புறம் பிடித்துவைத்த மொபெட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கிற இடத்துக்குப் புவனாவைக் கூப்பிட்டாள். நகலை நீட்டினாள். புவனா படித்தாள். முகத்தில் திகைப்பைவிடக் களைப்புதான் தெரிந்தது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அன்பு. நீ அவ்வளவு ஆசையாப் படிச்சே. மனசு வரல."

"மூணு வருசம் புவனா. ஒரு நாள்கூடவா வரல?"

புவனா நகலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"காதுகுத்தன்னிக்கு நீ ஒண்ணுஞ் சொல்லாமப் போயிருந்தாக்கூடப் பரவால்ல. விட்றாதன்னு சொன்னியே. அத எதுக்குச் சொன்னே?"

புவனா நகலை நான்காக மடித்தாள். மடித்தபடியே பேசினாள். "பொம்பளைங்களுக்கு இந்த ஒதுக்கீட்டுல மொத்தமே எத்தன எடம்? நீ பரீட்சை எழுதுனா உன்னையத் தாண்டி நான் எங்க வாரது? எழுதறதும் நீ, ஞாபகம் வெச்சுக்கறதும் நீ. உங்களுக்கென்ன, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு, உங்களுக்குன்னு எடம் ஒதுக்கி வெச்சிருக்குது. எங்களுக்கு யாரு இருக்கறா?"

உங்களுக்கு, எங்களுக்கு. எட்டு வருடமாகப் புவனாவின் வாயில் அவள் 'நீ'யாகவும், இருவரும் சேர்ந்து 'நாம'வாகவும்தான் இருந்தார்கள். இன்றைக்கு ஒரே மூச்சில் அன்புச்செல்வி 'உங்க' பக்கத்து ஆளாகிவிட்டாள். திட்ட வேண்டும் என்று எடுத்துவந்த வார்த்தைகள் எல்லாம் அந்த இடத்தில் பயனற்றுப் போயின. "அந்த நகல் என்னோடது. குடு" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முன்னறையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அன்புச்செல்வி தாளை எடுத்து வைத்து, "சொல்லுங்கம்மா" என்றாள்.

அந்த வருடம் தேர்வு எழுதிய புவனா தேறி, பயிற்சிக்குப் போனாள்.

அன்புச்செல்வி இரண்டு காரியம் செய்தாள். மூன்று வருடமாகப் பெட்டியில் கிடந்த பழைய ஆசையை எடுத்து, அஞ்சல்வழியில் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்தாள். இந்த முறை பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கே நேரில் போய்ப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கினாள். யார் வாய்ச் சொல்லையும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியாமல் போயிருந்தது. பாலுசாமி பஸ் ஐந்து மணிக்கு என்றால்கூட பஸ் நிலையத்துக்கே போய் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாவது காரியம், மையத்தின்மேல் புகார். புவனாவை விட்டு மற்ற முப்பத்தாறு பேரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். மனுவை அவளே எழுதினாள். கிருபாசங்கருக்குப் பிரிவு நானூற்று இருபது. புவனா செய்ததற்கு எந்தப் புத்தகத்திலும் பிரிவு இல்லை. ஆனால் பட்டம் செல்லாது என்று தொண்ணூற்று மூன்றிலேயே மையத்துக்கு எழுத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரே சான்று அந்தக் கடிதம்தான். அதை இணைத்தாள்.

"அந்தப் பொண்ணு இப்பத்தான் எஸ்.ஐ. ஆயிருக்குது. இந்தக் கடுதாசிய உட்டுறக் கூடாதா?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"ஆதாரமுங்க மேடம்" என்றாள் அன்புச்செல்வி.

வழக்கு மெதுவாக நடந்தது. தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் நகரில் குண்டுகள் வெடித்த பிறகு மாதக்கணக்கில் யாருக்கும் விடுப்பு இல்லை. அந்த மே மாதம் அவள் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுத முடியவில்லை. தெருமுனையில் நின்றபடி பாடப் புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் படித்து, இரண்டு ஆண்டுத் தாள்களையும் தொண்ணூற்றொன்பதில் சேர்த்து எழுதினாள்.

அதே வருடம் மார்ச்சில் புவனா சாட்சி சொல்ல வந்தாள். தோளில் இரண்டு நட்சத்திரம், முடியைக் கத்தரித்திருந்தாள். கடிதம் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். காவல்துறையில் இருக்கும் நீங்கள், ஒரு மோசடி நடப்பது தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றால் இலாகா விசாரணை வரும். அன்புச்செல்விக்கு அது புரிந்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

புவனா நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னேனுங்க ஐயா. என்கூடப் பணியிலிருந்த அன்புச்செல்விகிட்ட அப்பவே வாய்மொழியாச் சொன்னேன். அவங்கதான் பரவாயில்லைன்னு தொடர்ந்து படிச்சாங்க."

பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி எழுந்து நின்றாள். நீதிமன்றத்தில் அப்படி எழுந்து நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரை அவளே தோளைத் தொட்டு உட்கார வைத்திருக்கிறாள். பாரா நின்ற காவலர் வந்து, "உக்காருங்கக்கா" என்று மெல்லச் சொன்னார். உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்டபோது, இல்லை, சொல்லவில்லை என்றாள். சாட்சி இருக்கிறதா என்றார்கள். சொல்லாமல் விட்டதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

ஜூனில் தீர்ப்பு வந்தது. மற்ற மாணவர்களின் சாட்சியத்தால் கிருபாசங்கருக்கு ஓராண்டுத் தண்டனை. அன்புச்செல்வி தீர்ப்பின் நகல் வாங்கி, கோர்ட் வளாகத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து படித்தாள். பதினோராவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முதல் சாட்சியான அன்புச்செல்வி, உண்மை நிலையை அறிந்தே படிப்பைத் தொடர்ந்ததாகத் தெரியவருவதால் அவர் ஏமாற்றப்பட்டவராகக் கருதப்படவில்லை.

மற்றவர்கள் வாழ்க்கையை எழுதிப் பதிவு செய்தவளுடைய வாழ்க்கை பதிவாகியிருந்தது இப்படி.

ஆகஸ்டில் அரசியல் அறிவியல் பட்டம் வந்தது, இரண்டாம் வகுப்பு. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கான வயது வரம்பை அவள் தாண்டி ஏழு வாரம் ஆகியிருந்தது. பாலுசாமி சட்டம் போட்டு மாட்டலாம் என்றான். "வேண்டாமுங்க, பீரோல இருக்கட்டும்" என்றாள். ஆனாலும் அந்தப் பாடத்தை அவள் விட்டுவிடவில்லை. தேர்தல் வந்தால் தன் தொகுதியின் பழைய ஓட்டுக் கணக்கெல்லாம் அவளிடம் இருக்கும்.

செப்டம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் அவளுக்குப் பந்தோபஸ்து. பதினொரு மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. அந்தப் பகுதிச் சாவடிகளைச் சுற்றிவரும் எஸ்.ஐ. புவனா இறங்கினாள். அன்புச்செல்வி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள். புவனா ஓட்டுநர் காதுக்கு எட்டாத தூரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்பு, எனக்கு அன்னைக்கு வேற வழி தெரியல. ரெண்டு கொழந்தைங்க இருக்குது. என்ற வேலையே போயிருக்கும். நீ என்னையப் புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

வரிசையில் நின்ற பெண்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தார்கள்.

"மொத்தம் எண்ணூத்தி அறுபது ஓட்டுங்க மேடம்" என்றாள் அன்புச்செல்வி. "இதுவரைக்கும் முன்னூத்தி நாப்பத்தி ரெண்டு பதிவாகியிருக்குது. பிரச்சனை ஒண்ணுமில்லீங்க."

"அன்பு…"

"வேற ஏதாச்சும் வேணுங்களா மேடம்?"

புவனா சாவடி நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஜீப் கேட்டைத் தாண்டும்வரை அன்புச்செல்வி விறைப்பைத் தளர்த்தவில்லை. வரிசையின் பின்பக்கம் யாரோ முண்டியடிப்பது கேட்டது. அவள் திரும்பி அந்தப் பக்கம் நடந்தாள்.